பழகியவர்களிடம் இயேசுவைப் பற்றிப் பேசுவது எப்படி: திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

திருநெல்வேலிச் சீமையில் இயேசு யாரென்று தெரியாத ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டம். பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் பஸ்ஸை விட்டு இறங்கினால் சர்ச்சின் ஊசிக்கோபுரம் கண்ணில் படும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர்வடம் பிடிக்கிறவரே சின்ன வயதில் ஏதோ ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் காலை ஜெபத்துக்குக் கண்ணை மூடி நின்றவராக இருப்பார். டிசம்பர் பிறந்தால் கேரல் ரவுண்ட்ஸ் சத்தத்தில் தெருவே முழித்துக்கொள்கிறது. அந்தச் சத்தம் யார் வீடு எந்த மதம் என்று பார்த்தா போகிறது?

சுவிசேஷம் சொல்வது பற்றி வெளியூரில் எழுதப்பட்ட பயிற்சிக் கையேடுகள் பெரும்பாலும் கேட்கிறவருக்கு ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கின்றன. நம் ஊருக்கு அது ஒத்துவராது. இங்கே அவருக்குச் செய்தி ஓரளவு தெரியும். அதைவிட முக்கியம், அவருக்கு நம்மைத் தெரியும். நம் தாத்தா யார், சீட்டுப் பணத்தை ஒழுங்காகக் கட்டினோமா, தம்பியோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா, எல்லாம் தெரியும். ஆகவே நம்மிடம் அவர் கேட்கப்போவது புதுச் செய்தியை அல்ல. ‘இதை நீ நிஜமாகவே நம்புகிறாயா, நம்பினால் உன்னிடம் அது என்ன செய்தது’ என்பதைத்தான். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்விக்கான தயாரிப்பு.

யாருக்காக எழுதுகிறேன் என்றும் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் மைக் பிடிக்கிறவர்களுக்கு இல்லை. பக்கத்து வீட்டு அக்கா, ஆபீஸில் அடுத்த மேசைக்காரர், வ.உ.சி. மைதானத்தில் காலை நடைக்கு வருகிறவர், வழக்கமாகப் போகும் டீக்கடை அண்ணாச்சி, இப்படிப் பாதி பழக்கமான மனிதர்களோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது நம் விசுவாசத்தையும் மறைக்காமல் பேச நினைக்கிறவர்களுக்கு.

1. யாரிடம் பேசக்கூடாது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி: எதிரே இருப்பவர் ‘போதும், வேண்டாம்’ என்று தாராளமாகச் சொல்லக்கூடிய நிலையில் இருக்கிறாரா? உங்கள் கடையில் சம்பளத்துக்கு நிற்கிற பையன், நீங்கள் மார்க் போடுகிற மாணவி, உங்களிடம் கைமாற்று வாங்கியிருக்கிறவர், படுக்கையில் கிடக்கிற உங்கள் நோயாளி, இவர்களெல்லாம் தலையை ஆட்டுவார்கள். அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம் கிடையாது. இவர்களிடம் நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள். அவர்களாகக் கேட்டால் பதில் சொல்லுங்கள், அதுவும் சுருக்கமாக. பெற்றோருக்குத் தெரியாமல் பிள்ளைகளிடம் பேசவே வேண்டாம். அரிசி, வேலை, பள்ளிக்கூட சீட்டு எதையும் இந்தப் பேச்சோடு முடிச்சுப் போடாதீர்கள். உதவி செய்ய வேண்டுமா, செய்யுங்கள். அன்றைக்கு இயேசுவின் பேச்சை எடுக்காதீர்கள்.

சட்டம் பற்றிய பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு, தன் மதத்தை அறிக்கையிடவும் பின்பற்றவும் பரப்பவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் என்ற வரம்புகளுக்கு உட்பட்டு. 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று தெளிவாகச் சொன்னது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அதற்காக இஷ்டத்துக்குப் பேசலாம் என்று இல்லை. அடுத்தவர் மத உணர்வை வேண்டுமென்றே புண்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவில் குற்றம். டீக்கடையில் இரண்டு பேர் தங்கள் நம்பிக்கையைப் பற்றி மனம்விட்டுப் பேசிக்கொள்வதற்கு எந்தச் சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. சட்டம் இருக்கட்டும், அடுத்தவர் சாமியை ‘பேய்’ என்று சொல்வது மரியாதைக்கே ஆகாத காரியம்.

2. முதலில் அவர் வாழ்க்கைக்குள் போங்கள்

யோவான் 4-ஆம் அதிகாரத்தில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேச ஆரம்பித்தது பிரசங்கத்தோடு அல்ல. தண்ணீர் கேட்டார். அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நம்மில் பலருக்கு இது வராது. கிறிஸ்துமஸுக்கு முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் தெரு முழுக்கக் கொடுப்போம். தீபாவளிக்கு அவர்கள் கொண்டுவருவதை வாங்கும்போது மட்டும் முகம் ஒரு மாதிரியாகும்.

இந்தச் சாப்பாட்டு விஷயம் சின்னதாகத் தெரியும். நம் ஊரில் பாதி உறவு இதில்தான் கெடுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோயிலில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா தூக்குவாளியில் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவருகிறார். பவுல் 1 கொரிந்தியர் 10-ல், ஒருவர் விருந்துக்கு அழைத்தால் கேள்வி கேட்காமல் சாப்பிடச் சொல்கிறார். இது படைத்தது என்று ஒருவர் சுட்டிச் சொன்னால் அவரை முன்னிட்டுச் சாப்பிட வேண்டாம் என்கிறார். இதை வைத்துச் சாப்பிடுகிற குடும்பமும் உண்டு, தொடாத குடும்பமும் உண்டு. உங்கள் மனச்சாட்சி எந்தப் பக்கமோ, அதை முன்கூட்டியே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாசலில் வைத்து முழிக்கக் கூடாது. வாங்காத குடும்பம் என்றால் நேராகவே சொல்லலாம்:

“அக்கா, சாமிக்குப் படைச்சத நாங்க சாப்பிடுறதில்ல, தப்பா நினைச்சுக்கிடாதிய. வீட்டுல சுட்ட முறுக்கு இருக்கும்லா, அதத் தாங்க, நானே வந்து வாங்கிக்கிடுதேன்.”

சொன்னபடி மாலையில் போய் உட்கார்ந்து அந்த முறுக்கைச் சாப்பிட வேண்டும். அதுதான் முக்கியமான பாதி. சிரித்துக்கொண்டே வாங்கி, அக்கா போனதும் குப்பையில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அடுத்த நாள் குப்பை வண்டிக்காரர் முன்னால் அக்கா அதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் எந்த நல்ல செய்தியும் அந்த வீட்டுக்குள் போகாது. வாங்குகிற குடும்பம் என்றால் தூக்குவாளியை வெறுமனே திருப்பிக் கொடுக்காதீர்கள். இரண்டு வாழைப்பழமாவது போட்டுக் கொடுங்கள். ஊர் வழக்கம் தெரிந்தவர் என்று அவர் மனதில் நிற்கும்.

கல்யாணம், சடங்கு, துஷ்டி (சாவு) எதையும் விடாதீர்கள். குறிப்பாகத் துஷ்டி வீடு. திருநீறு பூசுவதில் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் கை கூப்பிவிட்டு ஓரமாக உட்காருங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அந்த வீட்டில் பிரசங்கம் வேண்டாம். நாற்காலி எடுத்துப் போடுங்கள், வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுங்கள்.

3. உங்கள் கதையைத் தயார் செய்யுங்கள்

பெந்தெகொஸ்தே கூட்டங்களில் கேட்கிற சாட்சிகள் நம்மைக் கெடுத்து வைத்திருக்கின்றன. குடித்தேன், அடித்தேன், சாகப் போனேன், ஒரு குரல் கேட்டது, திருந்தினேன் என்று இருந்தால்தான் சாட்சி என்று நினைத்துவிட்டோம். இந்தச் சீமையில் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் நான்காம் தலைமுறை, ஐந்தாம் தலைமுறை. புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கென்றே அமைந்த முதலூர் உருவானது 1799-ல். அந்த வம்சத்தில் வந்தவர், ஓய்வுநாள் பள்ளியில் வளர்ந்து, திடப்படுத்தல் (கன்ஃபர்மேஷன்) எடுத்து, கோயிலிலேயே (சர்ச்சையும் நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்) கல்யாணமும் முடித்தவர், ‘எனக்கு என்ன சாட்சி இருக்கு, நான் பிறந்ததே இப்படித்தான்’ என்பார்.

இருக்கிறது. பெரிய திருப்பத்தைத் தேடாமல், ஒரே ஒரு இடத்தைத் தேடுங்கள்: விசுவாசம் இல்லாதிருந்தால் நான் வேறு மாதிரி நடந்திருப்பேன் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிகிற இடம். பெரும்பாலும் அது மன்னிப்பு, பயம், பணம், சாவு இந்த நாலில் ஒன்றாகத்தான் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒன்று. பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பிக்குள் கிணற்றுப் பங்கு தகராறு. நம் ஊரில் இது கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் முடியும். இதை ஒருவர் இப்படிச் சொல்லலாம்: “கர்த்தர் எனக்குக் கிருபை தந்தார், நான் மாம்சத்தை ஜெயித்து என் சகோதரனை மன்னிக்கும்படி ஆவியானவர் ஏவினார்.” கேட்கிற அண்ணாச்சிக்கு ஒன்றும் விளங்காது. நம் கோயிலுக்குள் மட்டும் செல்லுபடியாகிற தமிழ் இது. அதையே இப்படியும் சொல்லலாம்:

“ரெண்டு வருசம் எங்க அண்ணன் மூஞ்சியில முழிக்கல அண்ணாச்சி. வக்கீலுக்கு அட்வான்ஸும் கொடுத்தாச்சு. ஞாயித்துக்கிழமை கோயில்ல ‘எங்களுக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’னு ஜெபம் சொல்லும்போது மட்டும் வாய் அடைச்சிக்கிடும். பொய்தான சொல்லுதோம்னு தோணும். கடைசியில நானே போயி, தண்ணிய நீயே எடுத்துக்கடா, எனக்கு வாரத்துல ரெண்டு நாள் போதும்னு சொல்லிட்டேன். அண்ணன் இன்னும் சரியாப் பேசமாட்டான். எனக்கு ராத்திரி தூக்கம் வருது.”

இதில் அண்ணன் திருந்தவில்லை, கிணறும் கிடைக்கவில்லை. அதனால்தான் நம்பும்படி இருக்கிறது. இதைச் சொல்ல இரண்டு நிமிஷம் போதும். உங்கள் கதையையும் இதே மாதிரி ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், வீட்டுக்காரரிடமோ வீட்டுக்காரியிடமோ. மிகைப்படுத்தினால் அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள், நல்லது. ஊருக்குத் தெரிந்த மனிதர்கள் கதையில் வந்தால் அவர்களை அடையாளம் தெரிகிற மாதிரி சொல்லாதீர்கள். சாட்சி என்ற பெயரில் புறணி பேசுவதும் நம் சபைகளில் நடக்கிறது.

யோவான் 9-ல் பார்வை பெற்ற மனிதன் பரிசேயரிடம் இறையியலில் ஆரம்பிக்கவில்லை. குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன், இது ஒன்றுதான் எனக்குத் தெரியும் என்றான். அவ்வளவு தயாரிப்பு போதும்.

4. நம்புவது என்ன என்று நாலு வரியில் சொல்லப் பழகுங்கள்

கதையோடு நின்றால் அது மனநிம்மதிக் கதையாக முடிந்துவிடும். ‘சரி, இயேசு என்னதான் சொல்லுதாரு?’ என்று ஒருவர் கேட்டால் பதில் வேண்டும். விசுவாசப் பிரமாணத்தை ஒப்பிக்காமல், பேச்சுத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: “நம்மளப் படைச்ச கடவுளுக்கு நம்ம மேல பிரியம் உண்டு. நாமதான் அவரை விட்டு விலகிப் போயிட்டோம். நம்மளத் தேடி அவரே மனுசனா வந்தாரு, அதுதான் இயேசு. நம்ம பாவத்தை அவரு ஏத்துக்கிட்டு சிலுவையில செத்தாரு, மூணாம் நாள் உயிரோட எந்திரிச்சாரு. அதனால நாம நல்லவனா ஆனதுக்கப்புறம் அவருகிட்டப் போக வேண்டியதில்ல, இருக்கிறபடியே போகலாம், அப்புறம் அவரு மாத்துவாரு.” இதற்கு மேல் அன்றைக்குச் சொல்ல வேண்டாம். உலக முடிவைப் பற்றிய தானியேலின் மிருகங்களும் 666-ம் வேதாகமத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

5. பேச்சு தானாக வரும்போது விலகாதீர்கள்

‘எப்படி ஆரம்பிப்பது’ என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் ஆரம்பிக்கவே வேண்டியதில்லை. 1 பேதுரு 3:15 சொல்வது, நம் நம்பிக்கையைக் குறித்து விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று. மனிதர்கள் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். நாம்தான் பேச்சை மாற்றிவிடுகிறோம். திங்கட்கிழமை காலை, ஆபீஸ்:

“என்னண்ணே, நேத்து போன் பண்ணேன், எடுக்கவே இல்ல?”

“கோயில்ல இருந்தேன் தம்பி, போனை ஆஃப் பண்ணிட்டேன்.”

“வாராவாரம் தவறாமப் போறியளே, அலுப்புத் தட்டாதா?”

இங்கே பத்தில் ஒன்பது பேர் ‘பழகிப் போச்சுப்பா’ என்று சொல்லி ஃபைலைத் திறந்துவிடுவார்கள். அதற்குப் பதிலாக:

“சில வாரம் தட்டத்தான் செய்யும். போதகர் ஐயர் பிரசங்கத்தை இழுத்தா கொட்டாவி வரும். ஆனா வாரம் முழுக்க ஓடி ஓடி, நான் என்ன செஞ்சேன்னு கடவுள் முன்னாடி உட்கார்ந்து யோசிக்க அந்த ஒரு மணி நேரந்தான் எனக்குக் கிடைக்கு. நீ வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போறியே, உனக்கு எப்படி இருக்கும்?”

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அது மரியாதைக்குக் கேட்டது அல்ல, நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது. அவர் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள். தன் அம்மா விரதம் இருந்ததைச் சொல்வார், பாபநாசத்தில் ஆடி அமாவாசைக்குக் குளித்ததைச் சொல்வார். ‘ஆனா பாருங்க’ என்று ஆரம்பித்து நடுவில் வசனத்தைச் சொருகினால் அவர் கதவு அங்கேயே சாத்திக்கொள்ளும்.

வாட்ஸ்அப்பில் தினமும் காலை பூப்படத்தோடு வசனம் அனுப்புவதை நிறுத்திவிடுங்கள். யாரும் படிப்பதில்லை. உங்கள் பெயரைப் பார்த்தாலே மியூட் போடுகிறார்கள்.

6. நம் ஊரில் வழக்கமாக வரும் கேள்விகள்

‘காசு கொடுத்து ஆள் சேக்கீங்களாமே?’ கோபப்படாதீர்கள். சந்தா, காணிக்கை, ஸ்தோத்திரப் பண்டிகை, அசனம் என்கிற சபை விருந்துக்கு அரிசி என்று சபை நம்மிடம் வாங்குவதைக் கணக்குச் சொன்னால் கேட்டவரே சிரித்துவிடுவார். எங்கேயாவது அப்படி நடந்தால் அது தப்பு என்றும் கூடவே சொல்லுங்கள்.

‘இது வெள்ளைக்காரன் மதம்தானே?’ ஜெர்மன்காரர்களும் இங்கிலீஷ்காரர்களும் வந்தார்கள், அதை மறைக்க வேண்டாம். ரேனியஸ் 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தார், கால்டுவெல் 1841-ல் இடையன்குடியில் குடியேறினார். ஆனால் அவர்களுக்கு முன்னாலேயே, குளோரிந்தா என்ற பிராமண விதவை 1778-ல் சுவார்ட்ஸ் ஐயர் என்ற ஜெர்மன் மிஷனரியிடம் ஞானஸ்நானம் பெற்று, 1785-ல் பாளையங்கோட்டையில் ஒரு கோயில் கட்டி முடித்தார். பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று இன்றும் சொல்கிறார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தச் சீமையை முழுதாகக் கையில் எடுத்தது 1801-ல்தான். முதலூரை உருவாக்கிய தாவீது சுந்தரானந்தம் நம் ஊர் ஆள். வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து தமிழ் இலக்கியத்தில் ஊறிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை, தமிழாசிரியராக இருந்து 1858-ல் கிறிஸ்தவர் ஆனார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, இந்திய மிஷனரி சங்கத்தை 1903-ல் தொடங்கியவர்களில் ஒருவர். 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப் ஆனார். இதையெல்லாம் அப்படியே ஒப்பிக்கச் சொல்லவில்லை, ஏதாவது ஒன்றைச் சொன்னால் போதும். கேட்டவர் வரலாற்றுப் பாடம் கேட்கவில்லை. இது உனக்குச் சொந்தமானதா, இரவல் வாங்கினதா என்றுதான் கேட்கிறார்.

‘எல்லா சாமியும் ஒண்ணுதானே அண்ணாச்சி?’ பெரும்பாலும் இது விவாதத்துக்கு அழைப்பு இல்லை, சண்டை வேண்டாம் என்கிற நல்ல மனசு. அதை மதியுங்கள். ‘சண்டை வேண்டாம்னு நீங்க சொல்லுதது சரிதான். ஆனா நான் இயேசுவை மட்டுந்தான் கும்பிடுதேன், ஏன்னு கேட்டியன்னா சொல்லுதேன்’ என்று சொல்லி நிறுத்துங்கள். கேட்டால் சொல்லுங்கள். கேட்காவிட்டால் டீயைக் குடியுங்கள்.

இனி கஷ்டமான கேள்வி: ‘உங்க கோயில்லயும் சாதி இருக்கே?’ இதில்தான் நம்மவர்கள் வழுக்குகிறார்கள். ‘இயேசுவுக்குள் எல்லோரும் ஒன்று’ என்று வசனத்தைச் சொல்லித் தப்பிக்கப் பார்க்கிறார்கள். கேட்டவருக்கு எல்லாம் தெரியும். சபைத் தேர்தலில் ஓட்டு எப்படிப் பிரிகிறது என்று தெரியும். நம் கல்யாண விளம்பரங்களில் ‘கிறிஸ்தவ’ என்பதற்குப் பக்கத்தில் என்ன போடுகிறோம் என்று தெரியும். வடக்கன்குளம் கோயிலில் சாதி பார்த்து ஜனங்களைப் பிரித்து வைத்திருந்த சுவர் 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அதை இடித்ததற்கும் வழக்குப் போட்டார்கள். ஆகவே பதில் ‘ஆமா, இருக்கு’ என்றுதான் ஆரம்பிக்க வேண்டும். ‘எங்க வேதத்துல இதுக்கு இடமில்ல, நாங்கதான் வச்சிருக்கோம், வெக்கமாத்தான் இருக்கு’ என்று சொல்லலாம். உங்கள் வீட்டில் நீங்கள் இதற்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வியாக வரும். வேறு சாதியில் சம்பந்தம் செய்வீர்களா, எல்லோரையும் அடுக்களை வரை விடுவீர்களா என்று. அதற்குப் பதிலை இந்தக் கட்டுரையில் நான் எழுதித்தர முடியாது.

மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கத்து முஸ்லிம் நண்பர்களிடம் பேச்சு வேறு மாதிரி போகும். ஈஸா நபியையும் மர்யமையும் அவர்கள் மதிக்கிறார்கள், சிலுவையில்தான் வேறுபடுகிறோம். அந்த வேறுபாட்டை மழுப்பாமல், அவர்கள் நபியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசாமல் பேச முடியும். வள்ளியூர், ராதாபுரம் பக்கம் அய்யா வைகுண்டரை வழிபடுகிற அய்யாவழிக்காரர்கள் நிறைய. அவர்களை ‘இந்துதானே’ என்று ஒரே அடியில் தள்ளிவிடாமல், அவர்கள் வழிபாட்டைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு பேசுங்கள்.

7. ஜெபிக்கலாமா என்று கேட்பது

ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே அவர் மனைவிக்கு ஆபரேஷன். விவாதத்தில் எதையும் ஏற்காதவர்கள்கூட இந்த நேரத்தில் யார் ஜெபித்தாலும் சரி என்று இருப்பார்கள். அதனாலேயே மிகவும் கவனம் வேண்டும். முதலில் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். இட்லி வாங்கிக் கொடுங்கள், ரத்தம் வேண்டுமா என்று விசாரியுங்கள். பிறகு, “மதினிக்காக ஒரு சின்ன ஜெபம் பண்ணட்டா? வேண்டாம்னா வீட்டுல போயி பண்ணிக்கிடுதேன்” என்று கேளுங்கள். இரண்டாவது வாக்கியம் கட்டாயம் வேண்டும், அதுதான் அவர் ‘வேண்டாம்’ என்று சொல்வதற்கான வழி.

சரி என்றால் அவருக்கு மட்டும் கேட்கும் குரலில் நாலைந்து வாக்கியம். தலையில் கை வைக்காதீர்கள், பெண்களைத் தொடவே வேண்டாம். நோயாளியின் பெயர், டாக்டர், நர்ஸ், வீட்டில் இருக்கிற பிள்ளைகள், அவ்வளவுதான். மனம் மாற வேண்டும் என்று ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைப்பது, கண்ணை மூடி இருக்கிறவரிடம் செய்கிற ஏமாற்று வேலை. ‘கண்டிப்பா சுகமாயிரும்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அது உங்கள் கையில் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் ஊழியக்காரர் யாரையாவது அங்கே கூட்டிப்போக நினைத்தால், தயவுசெய்து போகாமலே இருங்கள். இரண்டு நாள் கழித்துப் போன் போட்டு மதினி எப்படி இருக்காவ என்று கேட்க மறக்காதீர்கள். நிறையப் பேர் ஜெபத்தோடு காணாமல் போய்விடுகிறார்கள்.

8. எங்கே நிறுத்துவது

கடிகாரத்தைப் பார்க்கிறார், ‘ம்ம்’ என்று மட்டும் சொல்கிறார், கிரிக்கெட் பேச்சை எடுக்கிறார் என்றால் முடிந்தது. நீங்களும் கிரிக்கெட் பேசுங்கள். ஒருவர் வெளிப்படையாகவே ‘இதைப் பத்திப் பேச வேண்டாம்ணே’ என்று சொல்லிவிட்டால் ‘சரிப்பா’ என்று விட்டுவிடுங்கள். மறுநாள் எப்போதும் போல டீக்குக் கூப்பிடுங்கள். இயேசுவை ஏற்கவில்லை என்பதற்காகப் பழக்கத்தைக் குறைத்துக்கொண்டால், இத்தனை நாளும் பழகியது எதற்காக என்று அவருக்குப் புரிந்துவிடும். வீட்டில் அவர் பெயரைச் சொல்லி ஜெபிப்பதை யாரும் தடுக்கப்போவதில்லை.

9. படிக்கிறேன், வருகிறேன் என்று சொன்னால்

படிக்கக் கேட்டால் முழு வேதாகமத்தையும் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஆதியாகமத்தில் ஆரம்பித்து லேவியராகமத்தில் நிறுத்திவிடுவார்கள். மாற்கு சுவிசேஷம் கொடுங்கள், பதினாறே அதிகாரம்தான், கதையும் வேகமாகப் போகும். நம் பழைய மொழிபெயர்ப்பு காதுக்கு இனிமை, புதிதாகப் படிக்கிறவருக்குக் கடினம். 1995-ல் வந்த திருவிவிலியம் மாதிரி இன்றைய தமிழில் இருப்பது அவருக்கு லேசாக இருக்கும்.

கோயிலுக்கு வருகிறேன் என்றால் முதல் நாளே சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். செருப்பு வெளியே. பல ஊர்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவார்கள். எப்போது எழும்ப வேண்டும் என்று தெரியாவிட்டால் உட்கார்ந்தே இருக்கலாம். காணிக்கைப் பை வரும், போட வேண்டிய கட்டாயம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் பாக்கெட்டைத் தடவிக்கொண்டு சங்கடப்படுவார், காசுக்குத்தான் கூப்பிட்டார்கள் என்றும் தோன்றும். நற்கருணை நாளாக இருந்தால், அது ஞானஸ்நானமும் திடப்படுத்தலும் பெற்றவர்களுக்கு என்று முன்பே விளக்குங்கள்; வரிசையில் போய் நின்று திரும்பி வரும் அவமானம் அவருக்கு வேண்டாம். முதல் தடவைக்கு அசனம் நல்ல நாள். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம் என்று பார்க்காமல் பந்தியில் இலை போடுவார்கள். வாசலில் ஐயரிடம் ‘இவரு புதுசா வந்திருக்காரு’ என்று சத்தமாகச் சொல்லிக் கூட்டம் சேர்க்க வேண்டாம்.

அதற்கும் மேலே போய் ஞானஸ்நானம் எடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், சந்தோஷத்தில் மறைக்கக்கூடாத விஷயங்கள் இருக்கின்றன. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் ஆனபின் அந்தச் சலுகை கிடைக்காது; தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். பிள்ளைகளின் படிப்பு, வேலை எல்லாம் இதில் இருக்கிறது. அதை அவர் உங்கள் வாயால் முதலில் கேட்கட்டும். மனைவிக்கும் பெற்றோருக்கும் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்றால் முதலில் அவர்களிடம் பேசச் சொல்லுங்கள், கூட வரச் சொன்னால் கூடப் போங்கள். அப்புறம் ஐயரிடம் கூட்டிப்போங்கள். நல்ல ஐயர் பல வாரம் உட்கார வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பார், நடுவில் ‘வேண்டாம்னா இப்பவே சொல்லிரலாம்’ என்றும் கேட்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வைத்துவிடலாம் என்று அவசரப்படுத்தினால் வேறு ஐயரைப் பாருங்கள்.